மூன்று முறை கேட்க வேண்டும்

எலூல் 4, வியாழன்

எங்கள் யூதப் பஞ்சாங்கத்தின் கடைசி மாதமான எலூல் பிறந்தால் இந்த வீட்டில் தூக்கம் போய்விடும். விடிவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் பின்ஹாஸ் மன்னிப்பு ஜெபத்துக்குக் கிளம்புகிறார். கிளம்புகிறவர் சத்தமில்லாமல் கிளம்பினால் என்ன? செருப்பைத் தேடி, மூக்குக் கண்ணாடியைத் தேடி, என்னையும் எழுப்பிவிட்டுத்தான் போகிறார். திரும்பி வந்ததும் கழுவி வைத்த தட்டு மாதிரி முகத்தோடு உட்கார்ந்து பச்சைத் தேநீர் கேட்கிறார். இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இப்படித்தான், பாவநிவாரண நாள் முடியும் வரை. பாவம் செய்வதைவிட அதைக் கழுவுவதுதான் பெரும்பாடு என்றேன். நீயும் வந்து பாரேன் என்றார்.

மத்தியானம் புலோர் அக்கா வந்து ஒரு கட்டு கொத்தமல்லி கேட்டாள். நாளைக்குப் பச்சைச் சோறு செய்யப் போகிறாளாம். இருபத்தெட்டு வருஷமாக ஒரே முற்றம், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அவள் வீட்டில் என்ன தாளிக்கிறாள் என்று என் மூக்குக்குத் தெரியும். அவள் மகள் அதினாவுக்கு இந்த வாரம் முப்பத்தொன்று முடிந்ததாம். "இன்னொரு எடத்துலேருந்து பாக்க வர்றாங்களாம். வருவாங்க, டீ குடிப்பாங்க, போயிடுவாங்க" என்று சிரித்தாள்.

கொத்தமல்லியை அலசிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. பிறகு மறுபடி அலசினேன். வேறென்ன செய்ய?

எலூல் 7, ஞாயிறு

எழுதித்தான் பார்ப்போமே. காகிதம் என்ன திட்டவா போகிறது.

ஒன்பது வருஷம் முன்பு, அதினாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன பையனின் பெரியம்மா எனக்குப் போன் செய்தாள். பக்கத்து வீட்டில்தான் விசாரிப்பார்கள், அது வழக்கம். பெண் எப்படி, குணம் எப்படி, உடம்பு எப்படி என்று கேட்டாள். தங்கமான பெண் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "சின்ன வயசுல ஒருதடவை வலிப்பு வந்துச்சு, அவ்வளவுதான், இப்ப ஒண்ணுமில்ல" என்று சொன்னேன்.

அந்த வலிப்பு காய்ச்சலில் வந்தது. குழந்தைக்கு நான்கு வயது, உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியதே நான்தான். பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் இப்படி வருவது சகஜம், வளர்ந்தால் போய்விடும் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். போனில் அந்த ஒரு சொல்லை, காய்ச்சலில் என்பதை, நான் விட்டுவிட்டேன்.

மறந்தா விட்டேன்? இல்லை. அந்த வீட்டார் முதலில் என் மகள் ஷோஷானாவைக் கேட்டு வருவார்கள் என்று நான் காத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுத இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

சம்பந்தம் நின்று போனது. ஷோஷானாவுக்கு மறு வருஷமே ஹைஃபாவில் நல்ல இடம் அமைந்தது. இப்போது மூன்று பிள்ளைகள்.

நான் பொய் சொல்லவில்லை என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்க்கு வேறு பெயர் இருக்கிறது. புறங்கூறுவது என்றால் ஒருவருக்குக் கெடுதல் வரும்படி உண்மையைச் சொல்வதுதான். இதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று.

எலூல் 12, வெள்ளி

அதினாவைப் பார்க்க வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எலூல் 16, செவ்வாய்

பின்ஹாஸிடம் சொல்லிவிட்டேன். மனிதர் தாடியைத் தடவிக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

கடவுளுக்கும் மனுஷனுக்கும் நடுவில் உள்ள பாவத்தைத்தான் பாவநிவாரண நாள் தீர்க்கும். மனுஷனுக்கும் மனுஷனுக்கும் நடுவில் உள்ளதை, பாதிக்கப்பட்டவரிடம் போய்க் கேட்டு ஆற்றும் வரைக்கும் அந்த நாள் தொடவே தொடாது. ஆகவே போய்க் கேட்கிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார். அவளுக்குத் தெரியாத விஷயம் இது, தெரிந்தால் வலிக்கும், வலிக்கும் என்றால் சொல்லாதே, பொதுவாக மன்னிப்புக் கேட்டுக்கொள் என்று ஒரு பெரியவர் தீர்ப்பு எழுதியிருக்கிறாராம். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இன்னொரு பெரியவரும் எழுதியிருக்கிறாராம். நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"நான் புலோர் பக்கம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அப்போ நான் யார் பக்கம்? இத்தனை வருஷம் பேசாமல் இருந்தவளுக்கு இப்போது என்ன அவசரம்? இன்னும் மூன்று வாரத்தில் ஜெபக்கூடத்தில் வெள்ளை உடுத்திக்கொண்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அதற்கு முன் என் நெஞ்சு லேசாக வேண்டும், அதுதான் அவசரம்.

எலூல் 22, திங்கள்

சொல்லிவிட்டேன்.

புலோர் அக்கா புத்தாண்டுச் சாப்பாட்டுக்குக் காராமணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்துப் பொறுக்கிக்கொண்டே சொன்னேன். பெரியம்மா போன் செய்தது, நான் சொன்னது, சொல்லாமல் விட்டது, வயிறு எரிந்தது, எல்லாம். அக்கா, மன்னிச்சுடுங்க என்றேன். அவள் தலை நிமிரவில்லை. முறத்தில் கை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"எனக்கு இது தெரியாதேடி" என்றாள்.

அப்புறம் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப ஓஷேர்?" என்றாள்.

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் தனியாக அவள் அடுக்களையில் உட்கார்ந்திருந்தேன். மிச்சக் காராமணியைப் பொறுக்கி வைத்துவிட்டு வந்தேன். என்ன ஜென்மம் நான்.

ஓஷேர். அவள் புருஷன். அவரை நான் நினைக்கவே இல்லை. சத்தியமா நினைக்கவே இல்லையே! பெண் பார்க்க வந்த அன்று பையனின் அப்பா ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாராம். ஓஷேர், "பையன் எப்பப் பேசுவான், உங்க காலத்துக்கு அப்புறமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்களாம், அந்த அப்பா உட்பட. ஆனால் ஒரு வாரமாகப் பதில் வரவில்லை என்றதும் புலோர் அக்கா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். உங்க வாயாலதான் போச்சு, உங்க வாயாலதான் என்று சுவர் வழியாக எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன்? ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

அவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. தன் வாயால்தான் மகள் வாழ்க்கை போயிற்று என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார்.

எலூல் 23, செவ்வாய்

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

எலூல் 28, ஞாயிறு

மூன்று முறை கேட்க வேண்டும் என்பது சட்டம். முதல் தடவை மன்னிப்புக் கிடைக்காவிட்டால் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். என் நாத்தனாரையும் மாடி வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போனேன். எதற்கு என்று அவர்களிடம் சொல்லவில்லை. ஒரு மனத்தாங்கல், கூட நில்லுங்கள் போதும் என்றேன். சட்டப்படி சரியாகச் செய்கிறேன் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மறைப்பானேன்.

புலோர் அக்கா கதவைப் பாதி திறந்தாள். என்னைப் பார்த்தாள், பின்னால் நின்ற மூன்று பேரையும் பார்த்தாள்.

"என் பொண்ணைப் பத்தி இன்னும் மூணு பேருக்குச் சொல்லணுமா உனக்கு?"

கதவு சாத்திக்கொண்டது. அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். மாடி வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இனி அவர்கள் தாங்களாகவே எதையாவது கற்பனை செய்துகொள்வார்கள். கடவுளே, நான் எதைத் தொட்டாலும் ஏன் இப்படி ஆகிறது?

பின்ஹாஸ் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "உன் தலையில இருந்த மூட்டைய எறக்கி அவ தலையில வச்சுட்ட. இப்பப் போயி, கனமா இருக்கான்னு கேக்கற."

திருப்பித் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

திஷ்ரி 3, வியாழன்

புத்தாண்டு இரண்டு நாளும் முடிந்தது. இன்று கெதலியா நோன்பு, வயிறு காய்கிறது, தலை வலிக்கிறது. பண்டிகை நாளில் எழுதக் கூடாது, அதனால் சேர்த்து எழுதுகிறேன்.

ஷோஷானா குடும்பத்தோடு வந்திருந்தாள். பேரீச்சை, மாதுளை, பூசணி, மீன் தலை என்று ஒவ்வொன்றாக எடுத்து அதற்கான வேண்டுதலைச் சொன்னோம். வெங்காயத்தாள் முறை வந்தது. எங்களுக்குத் தீங்கு நினைப்பவர்கள் வெட்டுண்டு போகட்டும் என்று சொல்லிச் சாப்பிட வேண்டும். வருஷா வருஷம் யார் யாரையோ நினைத்துக்கொண்டு கடித்துத் தின்றிருக்கிறேன். இந்த வருஷம் சுவருக்கு அந்தப் பக்கமும் அதே வேண்டுதல் கேட்டது. அவளும் அதினாவும் மட்டும்தான், இரண்டே குரல். தாளைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் பாவங்களைத் தண்ணீரில் விடுவதற்குப் போனோம். ஜெருசலேமில் ஆறு ஏது, கிணற்றங்கரைதான். எல்லாரும் துணி முனையை உதறினார்கள். நான் உதறவில்லை. இது தண்ணீரோடு போகிற விஷயமா?

திஷ்ரி 9, புதன்

பாவநிவாரண நோன்புக்கு முந்தைய சாப்பாடு அடுப்பில் இருக்கிறது. சூரியன் சாய்வதற்குள் எழுதிவிட வேண்டும்.

காலையிலிருந்து பின்ஹாஸ் ஒரே நச்சரிப்பு. மூன்றாவது தடவையும் போய்க் கேட்டுவிடு, அவள் இல்லை என்றால் அதோடு உன் கடமை தீர்ந்தது என்கிறார். சட்டம் அப்படித்தான். மூன்று தடவை கேட்டும் மன்னிக்காவிட்டால் கேட்டவள் விடுபட்டுவிடுவாள். பழி, மறுத்தவள் மேல் போகும்.

அதனால்தான் போகவில்லை என்றேன். ஏற்கெனவே ஒன்றை அவள் மேல் இறக்கி வைத்தாயிற்று, இதையுமா? இன்று போய்க் கதவைத் தட்டினால் அவள் இல்லை என்பாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. நான் கையைத் துடைத்துக்கொண்டு வெள்ளைத் துணி மாதிரி போய் நிற்பேன். அப்புறம் எனக்கும் அவளுக்கும் நடுவில் என்ன மிச்சம் இருக்கும்? ஒன்றும் இருக்காது. மூன்றாவது தடவை பாக்கி இருக்கிற வரைக்கும்தான் நான் அவளுக்கு ஏதோ ஆகிறேன்.

"அப்ப மன்னிப்பு இல்லாமலா நாளைக்கு நிப்ப?" என்றார்.

"ஆமா. அப்படித்தான் நிப்பேன்."

சாப்பிடக் கூப்பிடுகிறார். மனிதர் குரல் கொஞ்சம் இளகியிருக்கிறது.

திஷ்ரி 11, வெள்ளி

இருபத்தைந்து மணி நேரம். தண்ணீர் இல்லை, சாப்பாடு இல்லை, தோல் செருப்பு இல்லை. ஜெபக்கூடத்தில் பெண்கள் பகுதியில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் புலோர் அக்கா. என் கண் புத்தகத்தில் இல்லை, அவள் முதுகில்தான் இருந்தது.

பாவங்களின் பட்டியல் வரும். எல்லாரும் சேர்ந்து, நாங்கள் செய்தோம், நாங்கள் செய்தோம் என்று சொல்லி நெஞ்சில் தட்டுவோம். திருடாதவளும் திருடினோம் என்கிறாள். ஏன் 'நான்' என்று இல்லாமல் 'நாங்கள்' என்று இருக்கிறது? சின்ன வயதில் அது தப்பித்துக்கொள்ள ஒரு வழி என்று நினைத்தேன், கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம் அல்லவா. நாவினால் செய்த பாவம் என்ற வரி வந்தது. புலோர் அக்காவும் சொன்னாள். அவள் தோள் குலுங்கியது. அப்போதுதான் புரிந்தது, அவள் அந்த வரியில் என்னை நினைக்கவில்லை. ஓஷேரை நினைத்தாள். தான் அவரைப் பேசிய பேச்சை நினைத்தாள். அந்தப் பாவமும் நான் கொடுத்ததுதான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவள் பசி மயக்கம் என்று நினைத்து முகர்ந்து பார்க்கக் கிராம்பு கொடுத்தாள்.

கடைசிக் கொம்பு ஊதி முடிந்ததும் எல்லாரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நோன்பு எனக்குப் பலித்ததா? பலிக்கவில்லை. பலிக்காமல் இருந்ததுதான் நியாயம் என்று தோன்றுகிறது.

திஷ்ரி 13, ஞாயிறு

கூடாரப் பண்டிகைக்கு முற்றத்தில் கூடாரம் எழும்புகிறது. இரண்டு வீட்டுக்கும் எப்போதும் ஒன்றே ஒன்றுதான். ஓஷேர் இருந்தவரை அவர் கட்டினார், அப்புறம் பின்ஹாஸ். இந்த வருஷம் என்ன செய்வது என்று பின்ஹாஸ் போய்க் கேட்டார். கட்டுங்க, நீங்க சாப்பிட்டு எழுந்ததும் நாங்க வந்து சாப்பிடறோம் என்றாளாம். பட்டுத் துணிகளைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள், கூடாரச் சுவராகக் கட்ட. துணி கொடுப்பாள், முகம் கொடுக்க மாட்டாள்.

இந்தப் பண்டிகையில் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பது கட்டளை. பட்டினி கிட என்றால் கிடக்கலாம். சந்தோஷப்படு என்றால் எங்கே போவது?

திஷ்ரி 18, வெள்ளி

இந்த முதல் வரியைச் சாய்த்துச் சாய்த்து எழுதுகிறேன், பண்டிகையின் இடைநாட்களில் எழுதியே ஆக வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் இப்படித்தான், வழக்கமான எழுத்தாக இருக்கக் கூடாது. இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும்.

காலையில் நான் கூடாரத்தில் தனியாக இருந்தேன். கூரைக்குப் போட்ட ஈச்சமட்டை வழியாக வெயில் மேஜை மேல் கட்டம் கட்டமாக விழுந்தது. அதினா வந்தாள். எழுந்து போகப் பார்த்தேன்.

"உக்காருங்க சித்தி. நான் சண்டைக்கு வரல."

அந்தப் பையனை நினைத்து ஒருநாள்கூட அழுததில்லையாம். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், காய்ச்சல் வலிப்பு என்றால் என்னவென்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அதைக் கேட்டு ஓடுகிற வீடு ஓடட்டும் என்றாள். எனக்கு மூச்சு வந்தது. சீக்கிரம் வந்துவிட்டது போலிருக்கிறது, அவள் நிறுத்தவில்லை.

"அப்பா எவ்வளவு ஜோக் அடிப்பாரு, ஞாபகம் இருக்கா சித்தி? அதுக்கப்புறம் அடிக்கவே இல்ல. யாராவது வீட்டுக்கு வந்தா உள்ள போயிடுவாரு. நான் எதாவது பேசிடுவேன்மா, நான் உள்ளயே இருக்கேன்னு சொல்லுவாரு. அதை மட்டும் என்னால மறக்க முடியல."

 அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். தூங்குவதில்லையாம். சாப்பாட்டு மேஜையில் அப்பா உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம். உங்களைத் திட்டினால்கூடத் தேவலை, திட்டவே மாட்டேன் என்கிறாள் என்றாள்.

போகும்போது என் தட்டையும் எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். என்ன பெண்ணை வளர்த்திருக்கிறாள் புலோர் அக்கா! அந்த வீட்டுக்குக் கொடுத்து வைக்கவில்லை. இதைத்தான் அன்று போனில் சொல்லியிருக்க வேண்டும்.

திஷ்ரி 23, புதன்

எல்லாம் முடிந்தது. திங்கட்கிழமை சடங்குப்படி ஆற்றலரிக் கிளைகளைத் தரையில் அடித்தோம். நேற்று ஆண்கள் வேதச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள், பின்ஹாஸுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. இன்று கூடாரத்தைப் பிரித்தார், நொண்டிக்கொண்டே. பட்டுத் துணிகளைத் துவைத்துக் காயவைத்து மடித்து அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். தட்டவில்லை.

ஹெஷ்வான் 4, ஞாயிறு

புலோர் அக்கா வந்தாள்.

கதவைத் திறந்து விலகி நின்றேன். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றாள். ஆறு வாரத்தில் ஒடுங்கிப் போயிருக்கிறாள். என்னைப் பார்க்காமல், பின்ஹாஸ் இருக்கிறாரா என்று கேட்டாள். அவரிடம்தான் பேசினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இறந்தவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் பத்து ஆண்களைக் கல்லறைக்குக் கூட்டிப்போய், அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். பண்டிகை மாதமான திஷ்ரி முடியட்டும் என்று காத்திருந்தாளாம். ஜெபக்கூடத்திலிருந்து பத்துப் பேரை ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமையே போகலாம் என்றார் பின்ஹாஸ்.

திரும்பிப் போனவள் முற்றத்தின் நடுவில் நின்றாள்.

"நீயும் வா. நான் மட்டும் சொன்னா அவரு நம்ப மாட்டாரு. தன் வாயாலதான் போச்சுன்னே நினைச்சு அவருக்குப் பழகிப்போச்சு. நடந்ததை நீ சொல்லு."

பத்துப் பேர் கேட்பார்களே, அதினா விஷயம், என்று இழுத்தேன். "அவதான் சொன்னா, தெரிஞ்சா தெரியட்டும்னு."

ஹெஷ்வான் 6, செவ்வாய்

மலைச்சரிவில் காற்று. பத்துப் பேரும் கல்லறையைச் சுற்றி நின்றார்கள். அதினா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

புலோர் அக்கா முதலில் சொன்னாள். இஸ்ரவேலின் கடவுளுக்கும் என் புருஷன் ஓஷேருக்கும் விரோதமாகப் பாவம் செய்தேன், அவர் செய்யாத குற்றத்தை அவர் மேல் போட்டுப் பேசினேன். சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மன்னிக்கப்பட்டது என்று பத்துப் பேரும் மூன்று தடவை சொன்னார்கள்.

பிறகு நான். என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்து போயிற்று. "ஓஷேர் அண்ணே, அது உங்களால போகல. என்னாலதான் போச்சு. சுவரு வழியா எல்லாம் கேட்டுச்சு, கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."  பத்துப் பேரும் என்னைப் பார்க்காமல் புலோர் அக்காவைப் பார்த்தார்கள். அவள் தலையை அசைத்தாள். எனக்கும் மூன்று தடவை சொன்னார்கள்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் கை கழுவும் இடம். குவளையைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. அவள் கழுவிவிட்டுக் குவளையைக் கவிழ்த்து வைத்தாள். நான் எடுத்துக் கழுவினேன். மற்றவர்கள் வேனுக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் போகாமல் கையை உதறிக்கொண்டு நின்றாள். மூன்றாவது தடவையையும் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"வேண்டாம்டி, கேக்காதே" என்றாள். "அவரு மன்னிச்சிருப்பாரு. அவரு மனசு அப்படி. எனக்கு இன்னும் ஆறல. இப்பக் கேட்டா இல்லைன்னுதான் வாயில வரும். சொல்லிட்டா அது மூணாவது ஆயிடும்."

நான் தலையை ஆட்டினேன்.

"அடுத்த எலூல்ல வந்து கேளு" என்று சொல்லிவிட்டு வேனை நோக்கி நடந்தாள். என்னைவிட வேகமாக நடப்பாள் எப்போதும். கொஞ்ச தூரம் போய், நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தாள்.